மீஞ்சூரில் உப்பு, ஆர்.கே.பேட்டையில் புகை

ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் ஒரு கொல்லையில் போர்வெல் வண்டி வந்து நின்றால், அக்கம்பக்கத்து ஆட்களும் வந்து நிற்பார்கள். கம்ப்ரசர் இரைய, துளையிலிருந்து பாறைத்தூள் பறக்கும். தூள் ஈரமாகிச் சேறாக வந்தால் உயிர் வரும். கடைசிவரை காய்ந்தே வந்தால், "வெறும் புகைதான்" என்று கலைந்துபோவார்கள். போர் போட்ட கடன் மட்டும் மிஞ்சும். அடியில் கெட்டிப் பாறை. அதன் வெடிப்புகளில் தேங்குவதுதான் தண்ணீர்.

அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கே, மீஞ்சூர் இதற்கு நேர்மாறு. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து சேர்த்த மணலுக்கடியில் நல்ல ஊற்று. 1960களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நடந்த ஆய்வு அதை அடையாளம் காட்டியது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணறுகளிலிருந்து சென்னைக்கும் மணலி ஆலைகளுக்கும் தண்ணீர் போனது. விவசாயிகளும் இறைத்தார்கள். மழை ஊட்டியதைவிட மோட்டார்கள் உறிஞ்சியது அதிகம். நன்னீர் இறங்க, கடல் உள்ளே ஏறியது: 1969இல் கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. தொலைவில் இருந்த உப்பு எல்லை, 1980களில் சுமார் 9 கி.மீ. வரை வந்துவிட்டது.

ஊற்றில் ஒருமுறை ஏறிய உப்பு ஒரு மழையில் போகாது. 2010இல் அதே மீஞ்சூரை ஒட்டிய காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை வந்தது.

நகரம் தன் காலடி நீரை மட்டும் குடிப்பதில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டபோது, திருவள்ளூர் மாவட்ட விவசாயக் கிணறுகளிலிருந்தும் சென்னைக்குத் தண்ணீர் வாங்கப்பட்டது. பயிரைவிடத் தண்ணீர் நல்ல விலை போகும்போது விவசாயியைக் குறை சொல்ல முடியாது. ஆனால், விற்றவர் கிணற்றுக்கும் விற்காதவர் கிணற்றுக்கும் ஊற்று ஒன்றுதானே!

சென்னைக்கும் அதைச் சுற்றிய குறிப்பிட்ட கிராமங்களுக்கும் நிலத்தடி நீர் எடுப்பதை ஒழுங்குபடுத்தும் 1987ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. மாநிலம் முழுமைக்கும் 2003இல் இயற்றிய சட்டமோ நடைமுறைக்கு வராமலே 2013இல் நீக்கப்பட்டது.

சட்டம் மட்டும் போதாது, ஊற்றுக்கு நீரும் ஊட்ட வேண்டும். ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணை திறந்தால், ஆர்.கே.பேட்டையை அடுத்த பள்ளிப்பட்டில் கொசஸ்தலையாறு தரைப்பாலங்களை மூழ்கடித்து ஓடும். அந்தச் சில நாள் வெள்ளத்தைத் தடுப்பணைகளில் தேக்கி, ஏரிகளுக்குத் திருப்ப வேண்டும். வரத்துக்கால்வாய்கள் மனைகளாகிவிட்டால் அதற்கும் வழியிருக்காது. சிப்காட் தொழிற்பேட்டைக்கும் புதிய மனைப்பிரிவுக்கும் அனுமதி தருமுன், அந்த நிலத்தின் கால்வாய் எந்த ஏரிக்குப் போகிறது என்று அதிகாரிகள் நேரில் நடந்து பார்க்க வேண்டும்.