ஆபரேஷனுக்குப் பிறகுதான் வேலையே!

2022-ல் கொடைக்கானல் ஏரியில் படகை விட்டு இறங்கும்போது, படகின் தகர விளிம்புக்கும் கரைக் கல்லுக்கும் நடுவே என் வலது கை சிக்கி, இரண்டு விரல்களை மடக்கும் தசைநாண்கள் அறுந்துவிட்டன. உடனே வளையல், மோதிரத்தைக் கழற்றினார் என் கணவர். வீங்கிய பிறகு கழற்றுவது கஷ்டம்!

ஆபரேஷனோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள், சகோதரிகளே. தைத்த தசைநாண் பலம் பெற 12 வாரம் ஆகும். அசைக்காமலே வைத்தால் ஒட்டிக்கொண்டு விரல் மடங்காது. அவசரப்பட்டுப் பாத்திரம் தூக்கினால் தையல் அறுந்துவிடும். ஆகவே பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி, மட்டைக் கட்டோடேயே, மணிக்கொரு தரம் இடது கையால் விரல்களை மெல்ல மடக்கி விடுவேன். இரவில் கை தலையணை மேல். அப்போதுதான் வீக்கம் வடியும். மூன்று மாதமும் மாமியார்தான் தலை பின்னிவிட்டார்.

இன்றும் நடுவிரல் முழுசாக மடங்காது. ஆனாலும் இடியாப்பம் நானேதான் பிழிகிறேன்!