லோதியன் சாலைக் கல்லறைத் தோட்டம்

டெல்லியில் காஷ்மீரி கேட்டுக்குத் தெற்கே, ரயில் பாலத்துக்கு அருகில் இருக்கும் லோதியன் சாலைக் கல்லறைத் தோட்டம் அந்நகரின் மிகப் பழைய கிறித்தவ இடுகாடுகளில் ஒன்று. 1808 முதல் 1867 வரை கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்தவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் இங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள். 1857-இல் நகர மதிலுக்கு வெளியே நிக்கல்சன் கல்லறைத் தோட்டம் தொடங்கியது. அடுத்த பத்தாண்டில் லோதியனில் புதைப்பது நின்றுபோனது.

இடுகாட்டை மூடியவர்கள், அதற்குப் பிறகு அந்த நிலம் எதற்கு என்பதை முடிவு செய்யவில்லை. கல்லறைகளுக்கு நடுவே புதர் மண்டியது. போக இடமில்லாத ஏழைக் குடும்பங்கள் குடியேறின. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்ற பிறகும் அதன் நலிவு தீரவில்லை.

மூடிய இடுகாட்டை என்ன செய்வது என்ற இதே சிக்கலை லண்டனும் சந்தித்தது. அங்கே தேவாலய வளாகங்களில் புதுக்குழி தோண்டினால் பழைய எலும்பு வரும் அளவுக்கு நெரிசல். 1848-49 காலராவுக்குப் பின், நகருக்குள் புதைப்பதை நிறுத்த 1852-இல் சட்டம் வந்தது. ஆனால் நிலைமையை மாற்றியவை அதற்குப் பின் வந்த இரு சட்டங்கள். 1881-ஆம் ஆண்டுச் சட்டம், மூடிய இடுகாடுகளைப் பூங்காவாகப் பராமரிக்க உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்க வழிசெய்தது. 1884-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நிலத்தில் கட்டடம் எழுப்பத் தடை விதித்தது. தேவாலயத்தை விரிவாக்க மட்டும் விலக்கு. பொறுப்பாளர் ஒருவரும் கட்டடத் தடையும் சேர்ந்து அமைந்ததால்தான் லண்டனின் நெரிசலான பகுதிகளில் இன்றும் சிறு பசுந்திடல்கள் எஞ்சியிருக்கின்றன.

கல்லறை நிலத்தைப் பூங்காவாக்குவது டெல்லிக்கும் புதிதல்ல. சையது, லோதி மன்னர்களின் சமாதிகளைச் சுற்றி 1936-இல் அமைந்த லேடி வில்லிங்டன் பூங்காதான் இன்றைய லோதி தோட்டம். கல்லறைகளை அசைக்காமலே சுமார் 90 ஏக்கரில் நடைபாதையும் புல்வெளியும் மரநிழலும் உருவாயின. ஆனால் அதற்காக அங்கிருந்த கைர்பூர் கிராமத்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அந்த விலையை மறைத்துவிட்டுப் பூங்காவைப் புகழ்வது நியாயமல்ல. லோதியனைப் பூங்காவாக்குவதிலும் முதல் வேலை, உள்ளே வாழ்வோருக்கு மாற்று வீடு.

அடுத்தது கல்லறைக் கற்கள். சிங்கப்பூரின் ஃபோர்ட் கானிங் குன்றில் 1865-இல் இடுகாடு மூடப்பட்டது. நூறாண்டுக்குப் பின் கல்லறைகள் அகற்றப்பட்டு, சில பலகைகள் மட்டும் சுவரில் பதிக்கப்பட்டன. பெயரைப் படிக்கலாம், உரியவர் எங்கே கிடத்தப்பட்டார் என்று அறிய முடியாது. கற்களை இருந்த இடத்திலேயே நிறுத்தி, எழுத்துகளைப் படியெடுத்து, இடைவெளியில் ஆழமாக வேரோடாத செடிகளை நட்டால் இந்த இழப்பு நேராது.