காவற் பையே காலனான கதை

வேலியே பயிரை மேய்ந்தால் விளைச்சலைக் காப்பவர் யார்? மோட்டார் வண்டியிலே உயிர் காக்கவென வைத்த காற்றுப்பையே சிலரது உயிரைக் குடித்த வரலாற்றைப் படிக்கும்போது, இக்கேள்வியே நம் நெஞ்சில் எழுகின்றது.

காற்றுப்பை வேலைசெய்யும் விதத்தை முதலில் நோக்குவோம். வண்டி பலமாக மோதியதும் உணர்கருவியொன்று மின்குறிப்பை அனுப்புகின்றது. உடனே சிறிய உலோகக் கலத்தினுள் அடைபட்டிருக்கும் இரசாயன வில்லைகள் எரிந்து வாயுவாகின்றன. ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கினுள் நைலோன் பை விரிந்து, சாரதியின் தலையும் மார்பும் சுக்கானில் மோதாது தாங்கிக்கொள்கின்றது. இதனால் உயிர்தப்பியோர் பல்லாயிரவர்.

யப்பான் நாட்டின் தக்காட்டா நிறுவனம் 1933 இல் நெசவுத் தொழிலில் தோன்றி, பின்னர் ஆசனப்பட்டிகளாற் புகழ்பெற்றது. அந்நிறுவனம் 2000 ஆம் ஆண்டளவில், விலை மலிந்த அமோனியம் நைத்திரேற்றைத் தன் கலங்களிற் பயன்படுத்தத் தொடங்கியது. இவ்வுப்பு ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது என்பதை இரசாயனம் பயிலும் நம் மாணவர் அறிவர். பகலின் வெப்பமும் இரவின் குளிர்ச்சியும் ஆண்டுக்கணக்கில் மாறிமாறித் தாக்க, வில்லைகள் நொய்ந்து பொடியாகின்றன. பொடி மிகவிரைவாக எரிவதால் அமுக்கம் எல்லை கடக்கின்றது. கலம் வெடித்து, அதன் உலோகத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு முகத்திலும் கண்ணிலும் கழுத்திலும் பாய்கின்றன.

2009 இல் அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்தில், வாகனத் தரிப்பிடமொன்றில் நிகழ்ந்த சிறு மோதலில் 18 வயது நங்கையொருத்தி இவ்வாறு மாண்டாள். 2014 இல் புளோரிடாவில் இறந்த பெண்ணொருவரின் கழுத்துக் காயங்களைக் கண்ட பொலிசார், கத்திக்குத்தோ என முதலில் ஐயுற்றனர். அதே ஆண்டு மலேசியாவின் சரவாக்கில் கருவுற்றிருந்த தாயொருவர் பலியானார். அவரது குழந்தையும் பிழைக்கவில்லை. மோதலுக்குத் தப்பக்கூடியவர்கள் காவலுக்குப் பலியாயினர்!

பரிசோதனை முடிவுகளைத் திரித்து வண்டி உற்பத்தியாளருக்குக் கொடுத்ததை அந்நிறுவனம் 2017 இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. தண்டமும் இழப்பீடுமாக 100 கோடி டொலர் விதிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அது வங்குரோத்தானது. அமெரிக்காவில் மாத்திரம் ஏறத்தாழ 6 கோடி 70 இலட்சம் கலங்கள் மாற்றத்துக்கெனத் திருப்பி அழைக்கப்பட்டன. அறியாமையாற் பிழை செய்வது மனித இயல்பு. அறிந்தபின் மறைப்பதோ பாதகம்.

இச்செய்தி நமக்கு அந்நியமானதன்று. நம் வீதிகளில் ஓடும் கார்களுட் பல யப்பானிற் பாவிக்கப்பட்டபின் இங்கு வந்தவை. நம் நாடோ வெப்பமும் ஈரப்பதனும் நிறைந்தது. வண்டி முதிர முதிர ஆபத்தும் வளர்கின்றது. ஆதலின், பழைய வண்டி வைத்திருப்போர் அதன் செசி இலக்கத்தைக் குறித்துச் சென்று, திருப்பியழைக்கப்பட்ட வண்டிகளுள் அதுவும் ஒன்றா என உரிய முகவரிடம் விசாரித்தல் வேண்டும். பையைத் தாமே கழற்ற முனைதல் ஆகாது. ஆசனப்பட்டி அணிவதையும் மறத்தலாகாது.

வண்டி வாங்கும்போது நிறத்தையும் விலையையும் பலமுறை கேட்கும் நாம், பிள்ளைகளை அதில் ஏற்றுமுன் இவ்வொரு கேள்வியையும் கேட்டுவிடுவோமாக.