காற்றுக்குக் கோயிலும் காற்றுக்குப் பெயரும்

கொண்டல் கிழக்கு, கோடை மேற்கு, வாடை வடக்கு, தென்றல் தெற்கு. நால்வகைக் காற்று பற்றிய பாடம் வகுப்பறையில் பெரும்பாலும் இப்பட்டியலோடு முடிந்துவிடுகின்றது. கிரேக்கத் தொன்மம் அறிந்தோர் இந்நான்கையும் கிரேக்கரின் காற்றுத் தெய்வங்களோடு இணைவைத்து நோக்கவும் கூடும். அவ்வொப்பீடு எவ்வளவு பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

கிரேக்கர்க்கும் திசைக் காற்றுகள் நான்கே. வடக்கு போரியாசு, மேற்கு செஃபிரசு, தெற்கு நோட்டசு, கிழக்கு யூரசு. இவற்றுள் முதல் மூன்றும் வைகறைத் தெய்வமாகிய ஈயோசின் மக்கள் என எசியட் குலமுறை கூறுகின்றார். கிரீட் தீவின் கினோசசில் கிடைத்த மைசீனியர் காலக் களிமண் பலகைகள் காற்றுகளுக்குரிய பூசாரிணி ஒருத்தியைக் குறிப்பிடுகின்றன. கி.மு. 480இல் பாரசீகக் கப்பற்படை புயலில் சிதைந்தபோது, ஏதென்சு மக்கள் அதனைப் போரியாசின் உதவியாகக் கொண்டனர். தங்கள் அரசன் மகளை மணந்தவன் என்னும் உறவு பற்றி அவனை வேண்டியதாகவும், பின்னர் இலிசசு ஆற்றங்கரையில் அவனுக்குக் கோயில் எடுத்ததாகவும் எரடோட்டசு எழுதுகின்றார். ஆகக் கிரேக்கக் காற்றுக்குப் பெற்றோர் உண்டு, மனைவி உண்டு, பலியும் கோயிலும் உண்டு.

தமிழில் நிலைமை வேறு. தொல்காப்பியம் நிலங்களுக்குரிய தெய்வங்களாக மாயோன், சேயோன், வேந்தன், வருணன் ஆகியோரைக் கூறுகின்றது. காற்றினையோ ஐம்பூதங்களுள் ஒன்றாக வைக்கின்றது. வாடை, தென்றல் என்பன வட, தென் என்னும் திசைச் சொற்களின்வழிப் பிறந்தவை. கொண்டல் மேகத்தையும், கோடை வேனிலையும் சுட்டும். அகப்பாடல்களில் பிரிவாற்றாத தலைவி வாடையை விளித்து நோவதுண்டு. எனினும் அதற்குப் பலியிடுவதில்லை. வேதமரபின்வழி வந்த வாயு வடமேற்றிசைக் காவலன். வீமனுக்கும் அனுமனுக்கும் தந்தை. எனினும் அவன் ஒருவனே. நால்வகைக் காற்றாகப் பிரிந்தவன் அல்லன்.

இவ்வேறுபாட்டைக் கற்பனை வறுமை எனக் கொள்ளுதல் தவறு. ஏஜியன் கடலில் புயல் எதிர்பாராது எழும். முன்னறிய இயலாததை மனிதன் வேண்டிக்கொள்கின்றான். இந்தியப் பெருங்கடலின் பருவக்காற்றோ ஆண்டுதோறும் தன் காலத்தில் திசை மாறுவது; அறியத்தக்கதைக் கணக்கிட்டுப் பயன்கொள்ளலாம். கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றினை ஏவல்கொண்டு கடலில் கலம் செலுத்தினான் என்னும் கருத்து வெண்ணிக் குயத்தியாரின் புறநானூற்றுப் பாடலில் (66) இடம்பெறுகின்றது. இங்குக் காற்று வணங்கப்படவில்லை, பணிகொள்ளப்படுகின்றது. முசிறிக்கு வந்த கிரேக்க மாலுமிகளும் தங்களைக் கொண்டுவந்த பருவக்காற்றுக்குத் தெய்வப்பெயர் இடவில்லை. கடல்வழி கண்டவனாகக் கருதப்பட்ட இப்பலசு என்பானின் பெயராலேயே அதனை அழைத்தனர். கி.பி. முதல் நூற்றாண்டுப் பெரிப்ளூசு தரும் இச்செய்தி நம் கருத்துக்கு அரண் செய்கின்றது.

ஜொகூர் ஆசிரியர்க்கு இதனால் விளையும் பயன் யாது? நெடுநல்வாடை காட்டும் குளிரை நம் மாணவர் உணர்ந்ததில்லை. ஆயினும் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்து வீசும் பருவக்காற்றை அவர்கள் நன்கு அறிவர். மலாய் மொழியில் 'முசிம் தெங்குஜூ' எனப்படும் அப்பருவத்தில் மெர்சிங் கடல் கொந்தளிக்கின்றது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி இருமுறை வெள்ளத்தில் மூழ்கியது. சங்கத் தலைவியை வருத்திய வாடையும் இக்காற்றும் ஒரே பருவச் சுழற்சிக்கு உரியவை. அங்குக் குளிராக வந்தது இங்குப் பெருமழையாக வருகின்றது.

எனவே, வாடையைத் தமிழரின் போரியாசு என விளக்குதல் பொருந்தாது. திசை, பருவம், மனநிலை ஆகிய மூன்றையும் ஒரு சொல்லில் அடக்கியதே தமிழ் மரபின் தனித்தன்மை. மாணவரைச் சன்னலருகே நிறுத்தி, இன்று வீசும் காற்று எத்திசையது, எதனைக் கொண்டுவருகின்றது என வினவுவதிலிருந்து அப்பாடத்தைத் தொடங்குதல் தகும்.