மூன்று திரைக்கு கிராபிக்ஸ் கார்டு வேணுமா?

"ரெண்டு மூணு மானிட்டர் போடணும்னா நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டே ஆகணும்." கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறவர்களுக்கு அதிகம் கிடைக்கிற அறிவுரை இது. கேம் விளையாடவும் வீடியோ எடிட்டிங்குக்கும் சரிதான். ஆனால் கணக்கு எழுதுவது, மொழிபெயர்ப்பு, நிரல் எழுதுவது மாதிரி வேலைகளுக்கு அது பெரும்பாலும் வீண் செலவு. ஏன்னு ஒரு சின்னக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு ஃபுல் எச்டி திரையில் அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 புள்ளிகள். பெருக்கினால் சுமார் 20.7 லட்சம். ஒரு புள்ளியின் நிறத்தைக் குறித்துவைக்க 4 பைட் என்றால், ஒரு முழுத் திரைக்கு 8.3 எம்பி. நொடிக்கு 60 தடவை அதைத் திரைக்கு அனுப்ப வேண்டும்: சுமார் 500 எம்பி. மூன்று திரைக்கு 1.5 ஜிபி. டிடிஆர்4 3200 ராம் ஒன்றே ஒன்று போட்டால்கூட அதன் உச்ச வேகம் நொடிக்கு 25.6 ஜிபி. அதில் பதினாறில் ஒரு பங்குகூட ஆகவில்லை!

கேமில் ஒவ்வொரு காட்சியையும் நொடிக்குப் பல தடவை புதிதாகக் கணக்கிட்டு வரைய வேண்டும். கார்டின் பலம் அதற்குத்தான். எக்செல் பக்கம் நீங்கள் தொடும்வரை அப்படியே நிற்கிறது. அதே படம்தான் திரும்பத் திரும்பப் போகிறது. பிராசசருக்குள்ளேயே இருக்கிற சின்ன கிராபிக்ஸ் இதற்குத் தாராளம்.

அப்போ எல்லை எங்கே வருகிறது? மூன்று இடத்தில்.

முதலாவது, பிராசசர். இன்டெல் ஐ3-12100-இல் இருக்கும் யுஎச்டி 730 கிராபிக்ஸ் நான்கு திரை வரை தாங்கும். அதற்கு முந்தைய ஐ3-10100 மூன்று வரை. பெயரின் கடைசி எழுத்தைக் கவனிக்கணும். ஐ3-12100எஃப் கொஞ்சம் மலிவு, ஆனால் அந்த 'எஃப்' வந்தால் உள்ளே கிராபிக்ஸே கிடையாது. ஏஎம்டியில் ரைசன் 5 5600ஜி-யில் கிராபிக்ஸ் உண்டு, வெறும் 5600-இல் இல்லை.

இரண்டாவது, மதர்போர்டின் சிப்செட். ஐ3-12100 நான்கு திரை தாங்கினாலும், எச்610 சிப்செட் மூன்றோடு நிறுத்திவிடும். நான்கு வேணும்னா பி660.

மூன்றாவது, போர்டின் பின்பக்கத் துளைகள். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒரு எச்டிஎம்ஐ, ஒரு விஜிஏ மட்டும் உள்ள எச்610 போர்டும் உண்டு. கூடவே டிஸ்ப்ளேபோர்ட்டும் உள்ளதும் உண்டு. டப்பாவின் மேல் இரண்டும் எச்610 தான். வாங்கும் முன் பின்பக்கப் படத்தைப் பார்த்து எண்ணிவிடுங்கள்.

என் தங்கை வீட்டிலிருந்தே சின்னச் சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு முடித்துக் கொடுக்கிறாள். ஒரு பக்கம் பில், ஒரு பக்கம் டேலி, இன்னொரு பக்கம் ஜிஎஸ்டி தளம். ஒரே திரையில் மாற்றி மாற்றிப் பார்க்கும்போது, 15 எழுத்து ஜிஎஸ்டி எண்ணில் பக்கத்து வரிசைக்காரருடையதைப் போட்டுவிட்டால் போச்சு. சரக்கு வாங்கியவருடைய 2பி-யில் அந்த பில் வராது, அவருடைய வரிக் கழிவு தொங்கிக்கொண்டிருக்கும், போன் இவளுக்கு வரும். மூன்று திரை அவளுக்கு ஆடம்பரம் இல்லை. ஐ3-12100, மூன்று துளையும் உள்ள எச்610 போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி என்று முடிவு செய்தோம். கார்டுக்கென்று ஒதுக்கியிருந்த பணத்தில் மூன்றாவது திரையும் யுபிஎஸ்ஸும் வந்துவிட்டன.

ராம் 16 ஜிபி ஒன்றாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்கியதற்குக் காரணம் உண்டு. உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டு போட்டால் பாதை இரட்டிப்பாகும்.

கேபிள் விஷயத்தில் ஒன்று. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ திரைக்குப் போக மலிவான மாற்றி பெரும்பாலும் போதும். எதிர்த்திசையில், அதாவது எச்டிஎம்ஐ துளையிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் திரைக்கு, அது வேலை செய்யாது. மின்சாரம் எடுத்து சிக்னலை மாற்றித் தருகிற வகைதான் வேணும். எச்டிஎம்ஐ இரண்டாகப் பிரிக்கிற ஸ்பிளிட்டர் வாங்கினால் இரண்டு திரையிலும் ஒரே படம்தான் தெரியும். 4கே திரை என்றால் துளை எச்டிஎம்ஐ 2.0-வா என்று பாருங்கள், 1.4 ஆக இருந்தால் நொடிக்கு 30 தடவைதான், மவுஸ் இழுக்கிற மாதிரி இருக்கும்.

பழைய கம்ப்யூட்டரில் துளை போதவில்லையென்றால், கார்டு ஒன்று வாங்குவதில் அர்த்தம் உண்டு. அப்போதும் கேமிங் கார்டு தேவையில்லை. என்விடியா குவாட்ரோ பி620 மாதிரி செகண்ட் ஹேண்ட் கார்டில் நான்கு மினி டிஸ்ப்ளேபோர்ட் இருக்கும், 40 வாட்தான் இழுக்கும், தனி பவர் கேபிள் வேண்டாம். கார்டைச் செருகியதும் போர்டின் துளைகள் அணைந்துவிட்டால் பயப்படாதீர்கள். பயாஸில் 'மல்டி மானிட்டர்' என்று ஒரு அமைப்பு இருந்தால் அதை ஆன் செய்தால் இரண்டும் சேர்ந்து ஓடும்.

மிச்சமாகும் பணத்தைத் திரையில் போடுங்கள். ஃபுல் எச்டிக்கு 24 அங்குலம் சரியான அளவு. 27-க்குப் போனால் எழுத்து விளிம்பில் பிசிறு தெரிய ஆரம்பிக்கும். மூன்றும் ஒரே மாடலாக இருந்தால் உயரமும் நிறமும் ஒத்துப்போகும். அதிகம் பார்ப்பதை நேர் எதிரே வையுங்கள், கழுத்து நன்றி சொல்லும். யுபிஎஸ்ஸில் சிபியூவை மட்டும் மாட்டாமல் குறைந்தது ஒரு திரையையாவது சேர்த்து மாட்டணும். கரண்ட் போன நேரத்தில் எங்கே சேவ் செய்வது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?