இரவில் புளிக்கும் இலை

லோயர் கேம்பிலிருந்து வாசகி ஒருவர் எழுதுகிறார்: இலைகளே இதழடுக்காய் அமைந்த எச்சிவேரியா என்னும் சக்குலண்ட் செடியை, ‘இரவிலும் பிராணவாயு தரும்’ என்று தொங்கிய அட்டையை நம்பி வாங்கிவந்து, படுக்கையறை ஜன்னலில் வைத்து நாள்தோறும் நீர் வார்த்தாராம், ஆனி மாதச் சாரல் நிற்பதற்குள் நடுக்குருத்து அழுகி, தொட்ட இலையெல்லாம் கையோடு வந்துவிட்டதாம். குற்றம் செடியினுடையதா, தம்முடையதா என்பது அவருடைய சந்தேகம்.

முதற் குற்றவாளி அந்த அட்டைதான். வெளிச்சம் நீரைப் பிளக்கும்போதே பிராணவாயு பிறக்கிறது. விளக்கணைத்த அறையில் எந்தச் செடியும் அதை உண்டாக்காது. ஆயினும், இச்செடிகள் இரவில் கரியமில வாயுவை உள்ளிழுக்கின்றன என்பது மெய். அந்த மெய்யைத்தான் வியாபாரம் இப்படித் திரித்துவிட்டது.

வறண்ட தேசத்தில் பகலில் இலைத்துளையைத் திறந்தால், கரியமில வாயு உள்ளே வருவதைவிட வேகமாக நீர் ஆவியாய் வெளியேறிவிடும். ஆகையால் எச்சிவேரியா இரவில்தான் துளைகளைத் திறக்கிறது; வெயிலில்லாத வேளையில் வந்த வாயுவைச் சர்க்கரையாக்க வழியில்லாமையால், அதை மாலிக் அமிலமாக மாற்றி, செல்லின் நடுவேயுள்ள பெரிய நீர்ப்பையில் விடியும்வரை சேர்த்துவைக்கிறது; விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, அமிலத்தைச் சிதைத்து வாயுவை மீட்டு, வெயிலின் சக்தியால் சர்க்கரை செய்கிறது. ஒரு கிராம் கரியமில வாயுவைப் பிடிக்க நெல் போன்ற பயிர்கள் 400 முதல் 500 கிராம் நீரை இழக்கும். இவ்வகைச் செடிகளுக்கு 50 முதல் 100 கிராமே செலவு.

நம் வீட்டு இட்லி மாவும் ஏறக்குறைய இதே கால அட்டவணையில்தான் நடக்கிறது. இராத்திரி குண்டானில் கரைத்து வைத்தது விடியற்காலையில் புளித்திருக்கிறது. பகலில் இட்லியும் தோசையுமாய்க் கரைந்து, அந்தி சாயும்போது பாத்திரம் வழித்துக் கவிழ்க்கப்படுகிறது. குண்டான் எவ்வளவு பெரிதோ அவ்வளவே மறுநாள் பலகாரம். இச்செடிகளின் இலை தடித்திருப்பதும், நீரைத் தேக்குவதோடு, இந்த அமிலக் குண்டானுக்கு இடம் வேண்டியே. இவ்வளவு தூரம் இழுத்த பிறகு ஒரு முரண்பாட்டையும் சொல்லியாக வேண்டும்: மாவைப் புளிக்கவைப்பவை கிருமிகள், இலையைப் புளிக்கவைப்பது அதன் சொந்த நொதி, மாவு வெக்கையில் பொங்கிப் புளிக்கும், இலையோ குளிர்ந்த இரவில்தான் நன்றாகப் புளிக்கும்.

வாசகியின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. எச்சிவேரியா ஜாதியில் பெரும்பாலானவை மெக்ஸிகோவின் மலைகளைச் சேர்ந்தவை. பகல் வெயில் கடுமையாயினும் இரவு சில்லென்று இறங்கும் இடங்கள் அவை. மலையடிவாரத்து லோயர் கேம்பில் கோடை இரவுகள் புழுக்கமானவை. அமிலச் சேமிப்பு குறைகிறது, இரவுச் சுவாசத்திற்கோ சர்க்கரை கூடுதலாய்ச் செலவாகிறது. இப்படி இளைத்த செடியின் குருத்தில் சாரல் நீரும் தேங்கினால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

இந்த இரவுப் புளிப்பைக் கண்டறிந்த சரித்திரத்தில் நம் நாட்டுக்கும் பங்குண்டு என்பதால் அதற்கு ஒரு பத்தி. தரங்கம்பாடிக்கு மொராவியப் பாதிரியாராக வந்து, பிற்பாடு கிழக்கிந்தியக் கும்பினியின் தாவர சாஸ்திரியான பெஞ்சமின் ஹெய்ன், எச்சிவேரியாவின் குடும்பத்தைச் சேர்ந்த ரணகள்ளியின் இலை காலையில் புளிப்பதையும், நடுப்பகலில் சுவையற்றிருப்பதையும், மாலையில் சற்றே கசப்பதையும் மென்று பார்த்து எழுதியது, 1815-ல் லண்டன் லின்னேயன் சங்க வெளியீட்டில் அச்சாயிற்று. வாசகர்கள் மெல்ல வேண்டாம். ரணகள்ளியில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு, அதை மேய்ந்து மாடுகள் மாண்டிருக்கின்றன. இலையை நசுக்கி அதன் சாற்றைப் பள்ளி ஆய்வுக்கூடத்துப் பி.எச். தாளில் காலையிலும் மாலையிலும் தொட்டுப்பார்த்தால் போதும்.

இனி வளர்ப்பு முறை. அடியில் துளையுள்ள சிறு மண்தொட்டி. தோட்டமண் ஒரு பங்குக்குக் கரட்டு மணலும் செங்கல் பொடியுமாக இரண்டு பங்கு. விரலை விட்டால் அடிவரை காய்ந்திருக்கும்போது மட்டும், இலைமேல் படாமல் ஓரமாக நீர். காலை வெயில், பிற்பகலில் நிழல். வெளிச்சம் குறைந்தால் அடுக்கு கலைந்து தண்டு நீண்டுவிடும். இலைமீது படிந்த வெண்பொடி தூசியன்று, வெயிலையும் நீரையும் தடுக்கும் மெழுகு. அதைத் துடைத்துப் பளபளப்பாக்குவது செடிக்குச் செய்யும் அபசாரம். அழுகாத இலை ஒன்று எஞ்சியிருந்தாலும், இரண்டொரு நாள் நிழலில் உலர்த்தி மணல்மேல் கிடத்தினால், அடியில் வேரும் குட்டி அடுக்கும் விடக்கூடும்.

என் அபிப்பிராயம் கேட்டால், லோயர் கேம்பில் ஆண்டு முழுதும் அடுக்கிலைச் செடி வேண்டுமென்போர் சோற்றுக்கற்றாழையை வைப்பதே விவேகம்; அதுவும் இரவில் புளிக்கும் கூட்டத்தைச் சேர்ந்ததே. எச்சிவேரியாதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள், மார்கழி தொடங்கி மாசி வரை அதை அழகு பார்த்துவிட்டு, பங்குனி பிறந்ததும், மலைமேல் குளிர்ந்த குமுளியில் மழை படாத தாழ்வாரமுள்ள உறவினர் யாரேனும் இருந்தால், அவர்களிடம் ஒப்படைத்துவிடுவது நல்லது.