ஃபிளாஸ்க்கில் இருப்பது யார்?

புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடத்தில் புதிதாகச் சேரும் டெக்னீஷியனுக்குக் கிடைக்கும் முதல் வேலை, தீனி போடுவது. தட்டையான பிளாஸ்டிக் ஃபிளாஸ்க்குகளில் புற்றுநோய்ச் செல்கள் வளர்கின்றன. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். ஞாயிறு, பொங்கல், கிறிஸ்துமஸ் எதுவும் செல்லுக்குத் தெரியாது. பசித்தால் செத்துப்போகும். அதோடு ஒரு மாதத்து ஆராய்ச்சியும் போகும்.

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் தெற்குப் புறநகரான மனுரேவாவில் இருப்பவருக்கு இப்படியொரு வேலை ரயில் தூரத்தில்தான் இருக்கிறது. நியூமார்க்கெட் வழியாக கிராஃப்டன் போனால், ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம். அங்கே இயங்குகிறது ஆக்லாந்து கேன்சர் சொசைட்டி ஆராய்ச்சி மையம். 1956-இல் தொடங்கிய கூடம் இது. புரூஸ் கெய்ன் தலைமையில் இங்குள்ள வேதியியலாளர்கள் 1970-களில் உருவாக்கிய ஆம்சாக்ரின், கடுமையான ரத்தப் புற்றுநோய்க்கு உலகின் பல நாடுகளில் மருந்தானது. டி.என்.ஏ. ஏணியின் படிகளுக்கு நடுவே நுழைந்து, இழைகளை வெட்டி ஒட்டும் நொதியை வெட்டிய நிலையிலேயே சிக்க வைத்துவிடும். இப்படி ஒரு மருந்து தேறுவதற்கு முன் கழித்துக்கட்டப்படும் சேர்மங்கள் எத்தனையோ. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் செல் மீது ஊற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

செல்லை உயிரோடு வைத்திருப்பது என்றால் உடம்பை ஏமாற்றுவது. இன்குபேட்டருக்குள் 37 டிகிரி வெப்பம், ஈரக் காற்று, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. அந்த வாயு திரவத்தில் உள்ள பைகார்பனேட்டோடு சேர்ந்து அமில-காரச் சமநிலையைக் காக்கிறது. திரவத்தில் ஃபீனால் ரெட் என்ற சாயம் கலந்திருப்பதால் ரோஜாச் சிவப்பாக இருக்கும். செல்கள் தின்று கழிவு சேரச் சேர அமிலம் ஏறி, ஆரஞ்சாகி மஞ்சளாகும். அனுபவப்பட்டவர்கள் இன்குபேட்டர் கதவைத் திறந்த கணமே நிறத்தைப் பார்த்து எது பசியோடு இருக்கிறதென்று சொல்லிவிடுவார்கள்.

தீனியில் விலை உயர்ந்த பொருள், மாட்டின் கருவிலிருந்து எடுக்கப்படும் சீரம். இறைச்சிக்காக வெட்டப்படும் பசு சினையாக இருந்தால், கருக்கன்றின் ரத்தத்தைச் சேகரித்து உறையவிட்டுப் பிரிக்கிறார்கள். சைவ வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரியும்போது கொஞ்சம் தொண்டை அடைக்கத்தான் செய்யும். மாற்றுத் திரவங்கள் வந்துகொண்டிருந்தாலும் இன்னும் முழுதாக இடம்பிடிக்கவில்லை. பைத்தியப் பசு நோயும் கோமாரியும் இல்லாத நாடு என்பதால் நியூசிலாந்து சீரத்துக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு. மனுரேவாவிலிருந்து நகரத்துக்குப் போகும் ரயில் பாதையே, வெஸ்ட்ஃபீல்ட், சவுத்டவுன் என்று ஒரு காலத்தில் பெரிய இறைச்சி ஆலைகள் இருந்த பகுதியைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது.

செல்கள் பெருகி ஃபிளாஸ்க்கின் தரையை நிரப்பியதும் பிரிக்க வேண்டும். டிரிப்சின் என்ற நொதியைச் சில நிமிடம் ஊற்றினால், ஒட்டிக்கொண்டிருக்கும் செல்கள் உருண்டு விடுபடும். அதிக நேரம் விட்டால் செல்லின் மேற்புறமே சிதையும். விடுபட்டவற்றில் ஒரு பங்கைப் புது ஃபிளாஸ்க்கில் போட்டு மிச்சத்தைச் சோதனைக்கோ கழிவுக்கோ அனுப்பலாம். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவதுதான். எத்தனை செல் இருக்கிறதென்று எண்ண, கோடு கிழித்த கண்ணாடித் தகடு உண்டு. டிரிப்பன் நீலம் கலந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செத்த செல் நீலமாகும். உயிருள்ளது சாயத்தை உள்ளே விடாது. ஒரு பெரிய கட்டத்தின் சராசரியை 10,000-ஆல் பெருக்கினால் ஒரு மில்லிலிட்டருக்கான கணக்கு. சாயத்தால் நீர்த்த அளவையும் சேர்த்துப் பெருக்க மறக்கக்கூடாது.

மனிதச் செல்களின் உறை ஊற்றலில் மிகப் பழையது 1951-இல் தொடங்கியது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கருப்பை வாய்ப் புற்றுநோயோடு வந்த ஹென்றியட்டா லாக்ஸின் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு, ஜார்ஜ் கை என்பவரின் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அதை நறுக்கிக் குழாய்களில் இட்டவர் உதவியாளர் மேரி குபிசெக். அங்கு வந்த மனிதச் செல்கள் எல்லாம் அதுவரை சில நாளில் செத்துப்போனவை. அவர் பெரிதாக எதிர்பார்த்திருக்க மாட்டார். வழக்கப்படி நோயாளியின் பெயரிலும் குடும்பப் பெயரிலும் முதல் இரண்டிரண்டு எழுத்தை எடுத்து ‘ஹீலா’ என்று குழாய்மேல் எழுதினார். ஏறக்குறைய ஒரு நாளில் இரட்டிப்பான அந்தச் செல்கள் இன்றுவரை நிற்கவில்லை. லாக்ஸ் அதே ஆண்டு அக்டோபரில் 31 வயதில் இறந்தார். அவரிடமோ குடும்பத்திடமோ யாரும் அனுமதி கேட்கவில்லை.

ஹீலாவின் வீரியமே பிறகு தலைவலியானது. 1966-இல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர், வெவ்வேறு நோயாளிகளிடமிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட 18 செல் லைன்களை, அதாவது ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து வளர்க்கப்படும் செல் வம்சங்களை, சோதித்தார். எல்லாவற்றிலும் கறுப்பின மக்களிடம் மட்டுமே அன்று காணப்பட்ட ஒரே நொதி வகை இருந்தது. அவற்றில் சில வெள்ளையர்களுடையவை என்று பதிவேடு சொன்னது. விஷயம் இதுதான்: எல்லாமே ஹீலா. எப்படி நடந்திருக்கும்? ஒரே பிப்பெட்டை இரண்டு ஃபிளாஸ்க்குக்கு உபயோகித்திருப்பார்கள், ஒரே பாட்டிலிலிருந்து இரண்டு செல் லைனுக்கு ஊற்றியிருப்பார்கள், அல்லது மூடியில் பெயர் எழுதாமல் விட்டிருப்பார்கள். வேகமாக வளரும் செல் ஒன்றிரண்டு விழுந்தால் போதும்; சில வாரத்தில் வீட்டுக்காரரை விரட்டிவிடும். ஈரல் என்று நினைத்துக் கருப்பை வாயை ஆராய்ந்து எழுதிய கட்டுரைகள் அச்சில் கிடக்கின்றன. அடையாளம் பிசகிய செல் லைன்களின் சர்வதேசப் பட்டியலில் இன்று 500-க்கும் மேற்பட்ட பெயர்கள். தந்தை யாரென்று அறியச் செய்யும் அதே வகை டி.என்.ஏ. சோதனையால் இப்போது செல்லின் அடையாளத்தைச் சரிபார்க்கலாம். ஆனாலும் ஒரு நேரத்தில் ஒரு செல் லைன், அதற்கென்று தனி பாட்டில் என்ற பழக்கத்துக்கு ஈடில்லை. அந்தப் பழக்கம் இருக்க வேண்டியது கூடத்திலேயே இளையவரிடம். இந்த வேலையைக் கீழ்ப்படி வேலை என்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இன்னொரு திருடன் மைக்கோபிளாஸ்மா. சாதாரண பாக்டீரியா புகுந்தால் திரவம் ஒரே இரவில் கலங்கி மஞ்சளாகி மாட்டிக்கொள்ளும். இது கலக்காது. செல் சுவர் இல்லாததால் பெனிசிலினுக்கும் அசையாது, நுண்ணிய வடிகட்டியிலும் நழுவும். செல்லின் நடத்தையை மட்டும் மாற்றிவிடும். பி.சி.ஆர். போன்ற தனிச் சோதனைதான் கண்டுபிடிக்கும். ஆகவே கையுறை, கேபினெட் மேடை, பாட்டில் எல்லாவற்றுக்கும் சதா ஆல்கஹால் தெளிப்பு. அதுவும் 70 சதவீதம். சுத்தமான ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகிவிடும், புரதத்தைச் சிதைக்கத் தண்ணீரும் வேண்டும்.

இதெல்லாம் பிடிபட்ட பிறகே 96 குழித் தட்டு கைக்கு வரும். ஒவ்வொரு குழியிலும் ஒரே எண்ணிக்கைச் செல், வரிசை வரிசையாகக் குறையும் மருந்தளவு. ஓரக் குழிகள் சீக்கிரம் வற்றும் என்பதால் அவற்றில் வெறும் திரவத்தை நிரப்பிவிட்டு உள்குழிகளை மட்டும் கணக்கில் எடுப்பவர்கள் பலர். சில நாள் கழித்துச் சாயமிட்டு அளந்தால், பாதி வளர்ச்சியை நிறுத்தும் அளவு கிடைக்கும். ஆக்லாந்துக் குழு இதில் ஒரு படி மேலே போனது. கட்டியின் நடுவே ரத்தம் எட்டாத, ஆக்சிஜன் இல்லாத மூலைகள் உண்டு. பல மருந்துகளும் கதிர்வீச்சும் அங்கே தோற்கும். அந்த மூலையில் மட்டும் விழித்துக்கொள்ளும் மருந்துகளை வில்லியம் வில்சனும் பில் டென்னியும் தேடினார்கள். அவற்றில் பி.ஆர்.-104 நோயாளிகளிடம் சோதிக்கும் கட்டம் வரை போனது. இவ்வகை மருந்தைக் கூடத்தில் சோதிக்கச் செல்லை ஆக்சிஜன் இல்லாத அறைக்குள் வைத்தே கையாள வேண்டும். காற்று கசிந்தால் மருந்து உறங்கிவிடும்.

நியூசிலாந்துக் கூடத்தில் புதியவர் கற்கும் இன்னொன்று பாடப்புத்தகத்தில் இராது. மாவோரி மரபில் உடலின் எந்தத் துண்டும் புனிதமானது, விலக்குக்கு உட்பட்டது. உணவும் உடல் திசுவும் ஓரிடத்தில் சேரக்கூடாது. திசு தருபவரிடம் வாங்கும் ஒப்புதல் படிவத்தில், மீந்ததை அழிக்கும்போது கரக்கியா என்ற மாவோரிப் பிரார்த்தனை வேண்டுமா என்று கேட்பது இங்கே வழக்கம். பல்கலைக்கழகத்தின் தெ இரா காவாய் திசு வங்கியும் தானமாக வந்த திசுக்களைக் காப்பதற்கென்றே இருக்கிறது. லாக்ஸின் குடும்பத்துக்கோ, ஹீலாவால் லாபம் பார்த்த ஒரு நிறுவனத்தோடு 2023-இல்தான் உடன்பாடு ஏற்பட்டது.

வேலைக்கு விண்ணப்பிப்போர் ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மருத்துவமனையில் ரத்தம் சோதிக்கும் டெக்னீஷியனுக்கு மெடிக்கல் சயின்சஸ் கவுன்சிலின் பதிவு தேவை. ஆராய்ச்சிக்கூட டெக்னீஷியன் வேறு. உயிரியலில் ஒரு பட்டமும் செல் வளர்த்த கைப்பழக்கமும் பெரும்பாலும் போதும். கைப்பழக்கம் இல்லையென்றால் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டுக் கோடை விடுமுறையில் ஏதாவது ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து அதைப் பெறுவது நல்லது. தெற்கு அரைக்கோளத்தில் அந்த விடுமுறை டிசம்பரில் வருகிறது. ஊரே கடற்கரைக்குப் போயிருக்கும்; கூடத்தில் செல்லுக்குத் தீனி போட ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள்.